இருபத்துமூன்றாம் கோடு

ஜூலை 6

அக்கா,

இதைக் குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் அட்லஸ். அப்பா கூடத்தில் படுத்திருக்கிறார். கதவு சத்தம் போடக் கூடாதென்று கீலில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை விட்டிருக்கிறேன். ‘உள்ள என்ன பண்றே?’ என்று கேட்டால் வயிற்றுவலி என்று சொல்வேன். அடுத்த கடிதத்துக்கு வேறு வலி யோசிக்க வேண்டும்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. எங்கே இருக்கிறாய் என்றே தெரியாமல் இருந்தேன். போன வாரம் பள்ளியில் பெற்றோர் கையெழுத்துக்காக ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் எல்லோருக்கும் கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை தருவார்களாம். அது இதயம் எப்படித் துடிக்கிறது, எவ்வளவு நேரம் தூங்குகிறோம் என்றெல்லாம் பார்க்குமாம். பாதிப் பேர் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் எறிபந்து விளையாட வேண்டும். மீதிப் பேர் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும். யாருக்கு மனசு நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்களாம். காகிதத்தின் அடியில் ஆராய்ச்சி நிலையத்தின் முகவரி இருந்தது. பேராசிரியர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் உன் பெயர் இருந்தது.

அப்பா அதைப் படிக்கவே இல்லை. தன் வேலையில் லிஃப்ட் ரிப்பேர் ரசீதில் போடுவது மாதிரி கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார். அவர் படித்துவிடுவதற்குள் வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நான் விளையாடும் குழு. பட்டை கட்டிவிட்டார்கள். அடியில் பச்சையாக ஒரு விளக்கு மினுக்குகிறது. கூடவே ஒரு குட்டிக் கருவியும் தந்தார்கள். தினமும் சாயங்காலம் அது ‘இன்று மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டு ஐந்து முகங்களைக் காட்டும். முதல் முகம் அழும், ஐந்தாவது சிரிக்கும். ஒன்றை அமுக்க வேண்டும்.

இதெல்லாம் உன்னிடம்தானே வரும்? என் இதயம் துடிப்பதை நீ அங்கே உட்கார்ந்து பார்க்கலாம் இல்லையா? அதை நினைத்தால் மணிக்கட்டில் நீயே கை வைத்த மாதிரி இருக்கிறது.

அம்மா இன்னும் அறையை விட்டு வரவில்லை. இப்போது தலையும் வாருவதில்லை. ஊருக்கெல்லாம் அம்மாவுக்கு இடுப்புவலி. குண்டூசியின் அம்மா தைலம்கூடக் கொடுத்து அனுப்பினார். குண்டூசி என் பக்கத்தில் உட்கார்கிறவள். அவள் அம்மா பள்ளி வாசலில் தையல் கடை வைத்திருக்கிறார். பதிலை அந்தக் கடைக்கே எழுது, உறையின் பின்னால் விலாசம் இருக்கிறது. போன் வேண்டாம், அது அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

நீ எப்போது வருவாய்?

சில்வண்டு


ஜூலை 12

சில்வண்டே,

உன் கடிதத்தைப் பேராசிரியரே கொண்டுவந்து கொடுத்தார். “உனக்குப் பேனாவால எழுதறவங்கள்லாம் இருக்காங்களா? மியூசியத்துலேர்ந்தா?” என்றார். மாடிப்படிக்குப் போய்ப் பிரித்தேன். எண்ணெய் வாசனை அடித்தது. மூன்று முறை படித்துவிட்டு வந்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் இதயத்தை நான் பார்க்கிறேன், ஆனால் அது உன்னுடையது என்று எனக்குத் தெரியாது. நம் பள்ளியைத் தேர்ந்தெடுத்ததும், அங்கே என் தங்கை படிக்கிறாள் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் உடனே பெயர்களையெல்லாம் எங்கள் நிலையத்தின் மனநல ஆலோசகர் அம்மாவிடம் கொடுத்துப் பூட்டி வைத்தார். என் திரையில் நாற்பது கோடுகள், நாற்பது எண்கள். அவ்வளவுதான். அவற்றில் ஒன்று நீ. உன் எண்ணை எழுதிவிடாதே. தெரிந்தால் நான் இந்த வேலையை விட்டு விலக வேண்டும்.

ஆனாலும் மனசு சும்மா இருக்குமா? எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ‘இது அவளா?’ என்று பார்க்கிறேன். முப்பத்தொன்று என்று ஒரு கோடு. விளையாடும்போது துள்ளுகிறது, படுத்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறது. தினமும் ஐந்தாவது முகம். நீ சின்ன வயதில் சாப்பிட்டுக்கொண்டே தூங்கி விழுவாயே, அந்தத் தூக்கம். அதுதான் நீ என்று முடிவு செய்துவிட்டேன். ஆமாம், இல்லை என்று எதுவும் எழுதாதே. எனக்கு அது இருக்கட்டும்.

எப்போது வருவாய் என்று கேட்டிருக்கிறாய். அப்பா சித்தப்பாவை வைத்துக்கொண்டு என்ன சொன்னார் என்று நீயும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? “பெத்த தாயைப் பைத்தியம்னு சொல்றவ இந்த வாசப்படி மிதிக்க வேணாம்.” நான் பைத்தியம் என்று சொல்லவில்லை. மனநல டாக்டரிடம் காட்டலாம் என்று சொன்னேன். போன முதல் மாதம் இரண்டு கடிதம் போட்டேன். இரண்டும் பிரிக்காமல் திரும்பி வந்தன. உறையில் அப்பாவின் கட்டை எழுத்தில் ‘பெறுபவர் இல்லை’ என்று இருந்தது. நீ அங்கேதான் இருந்தாய். அம்மாவும் இருந்தாள்.

அவர் கூப்பிடாமல் வர மாட்டேன். என்னைக் கேட்காதே.

அம்மா சாப்பிடுகிறாளா? எழுது.

அக்கா


ஜூலை 20

அக்கா,

இன்று காதுவலி.

முப்பத்தொன்றைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. நீ எழுத வேண்டாம் என்றாய். ஆனால் எனக்குக் கோபம், அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

உங்கள் காகிதத்தில் ‘விளையாட்டு மனநலத்துக்கு எவ்வாறு உதவுகிறது’ என்று தலைப்புப் போட்டிருந்தது. உதவும் என்றால் அம்மாவுக்கும் உதவ வேண்டும்தானே? அதனால் பள்ளி விட்டு வந்ததும் அம்மாவை மொட்டை மாடிக்கு இழுத்துப் போகிறேன். அப்பா வேலை முடித்து வர ஏழு மணி ஆகும். என்னிடம் ஒரு பழைய டென்னிஸ் பந்து இருக்கிறது, அதன் ரோமமெல்லாம் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அடித்துப் பிடிப்பேன்.

முதல் நாள் அம்மா மாடிக் கதவு வரைக்கும்தான் வந்தாள். “விடுடி, வெளிச்சம் கண்ணைக் குத்துது” என்று திரும்பிவிட்டாள். மறுநாள் படியில் உட்கார்ந்தாள். நான் பந்தை அடித்துக்கொண்டே இருந்தேன், பைத்தியக்காரி மாதிரி. (இந்த வார்த்தையை எழுதக் கூடாதோ?) பிறகு ஒருநாள் பந்து உருண்டு அவள் காலடிக்குப் போனது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுக்க மாட்டாள் என்று நானே போகும்போது, “சும்மா டொக்கு டொக்குன்னு… தலை வலிக்குது, போ அந்தப் பக்கம்” என்று பந்தை எடுத்து வீசினாள். எரிச்சலில்தான் வீசினாள். நான் பிடித்துவிட்டேன். அக்கா, அம்மாவுக்கு எரிச்சல் வந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? திட்டினாள் என்று சந்தோஷப்பட்டது உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

நேற்று ஆறேழு தடவை வீசினாள். ஒருமுறை பந்து தெருவில் விழுந்துவிட்டது. எடுக்கப் போனேன். கீழ் வீட்டு அம்மா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, “என்ன, அம்மாவுக்கு இடுப்பு தேவலையா? மாடியில நடமாட்டம் தெரியுதே!” என்று இழுத்தார். பந்தை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிடுவாரோ?

நான் இன்னொரு காரியமும் செய்திருக்கிறேன். அது தப்பா இல்லையா என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் சொன்னால் நீ திட்டுவாய். உன் கண்ணில் அதுவாகவே பட்டால் நன்றாக இருக்கும். பட்டதும் நீ கிளம்பி வந்துவிடுவாய்.

நீ பார்க்கும்போது முப்பத்தொன்றையே பார்த்துக்கொண்டிருக்காதே.

சில்வண்டு


ஜூலை 29

சில்வண்டே,

அம்மா பந்து வீசினாள் என்று நீ எழுதிய பகுதியை வேலைக்குப் போகும் வழியெல்லாம் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசாட்சி இல்லை. அந்தத் தலைப்பு ஆய்வுக்குப் பணம் கேட்டு எழுதியபோது வைத்தது. விளையாட்டு உதவுகிறதா, யாருக்கு உதவுகிறது என்று எங்களுக்கே இன்னும் தெரியாது. தெரிந்திருந்தால் நாற்பது குழந்தைகள் கையில் பட்டை கட்டிவிட்டு எதற்காக நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்? அம்மாவுக்கு வந்திருப்பது நோய். சர்க்கரை மாதிரி, காச நோய் மாதிரி அதுவும் ஒரு நோய். பந்து விளையாடட்டும், நல்லதுதான். ஆனால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். இதை எத்தனை முறை சொல்லிவிட்டேன்! யார் காதில் விழ வேண்டுமோ அவர் காதில் மட்டும் விழவில்லை.

முப்பத்தொன்றைப் பார்க்காதே என்கிறாய். ஏன், வெட்கமா? இந்த வாரமும் துள்ளல்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் என் நாள் ஆரம்பிக்கிறது. எனக்கென்று இருப்பது ஓர் அறை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பெரிய மைதானம். அங்கே ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, ஓடினால் மனசு எப்படி இருக்கும் என்று ஆராய்ச்சி செய்கிறேன். ஒரு நாளும் இறங்கிப் போனதில்லை. உன் கோடு எனக்கும் சேர்த்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

வேறொரு கோடுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதை உன்னிடம் எழுதக் கூடாது, இருந்தாலும் மனசு கேட்கவில்லை. இருபத்துமூன்று. பகலெல்லாம் மான்குட்டி மாதிரி ஓடுகிற பெண். இருட்டியதும் யாரோ சாவியைத் திருகி அணைத்த மாதிரி அப்படியே அடங்கிவிடுகிறாள். ஆனால் தூக்கம் இல்லை. மூன்று மணிக்கு மேல்தான் கொஞ்சம் கண்ணயர்கிறாள். சாயங்காலம் அமுக்குவது எப்போதும் முதல் முகம்தான். பகலில் அவ்வளவு ஓடுகிற குழந்தை இரவில் எதைப் பார்த்து விழித்துக்கொண்டே கிடக்கிறது? பேராசிரியர் “மிஷின் கோளாறு, விட்டுத் தள்ளு” என்றார். நான் விடவில்லை. இரண்டு வாரம் இப்படிப் போனால் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. ஆலோசகர் அம்மாவிடம் சண்டை போட்டு, அந்த வீட்டுக்குப் போன் செய்ய ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன். அடுத்த புதன்கிழமை பேசுவார்.

எந்த வீட்டுக் குழந்தையோ. பெற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா அக்கா,

போன் பண்ண வேண்டாம் என்று சொல்லு. எப்படியாவது சொல்லு. இருபத்துமூன்று நான்தான். பகலில் நான், ராத்திரியில் அம்மா.

நீ திட்டினாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். மாடியிலிருந்து இறங்கியதும் பட்டையைக் கழற்றி அம்மா கையில் கட்டிவிடுவேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வாங்கிக்கொள்வேன். “எதுக்குடி இது?” என்று ஒரு தடவைதான் கேட்டாள். “அக்காகிட்ட போகும்மா” என்றேன். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. கையை நீட்டுவாள்.

முகம் அமுக்கும் நேரத்தில் அம்மாவிடம் காட்டுவேன். “ஏதோ ஒண்ணை அமுக்கு” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஏதோ ஒன்றை அமுக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் முகம் எப்படி இருக்கிறதோ அதையே அமுக்கினேன்.

நீ சொல்லி அப்பா கேட்கவில்லை. நான் சொன்னால் சின்னப் பிள்ளை என்பார்கள். இந்தப் பட்டை சொன்னால் கேட்பார்கள் இல்லையா? அம்மா படுகிற பாட்டை நீ நேராகப் பார்த்துவிட்டால் மறுநாளே பஸ் ஏறிவிடுவாய் என்று நினைத்தேன். அதற்குத்தான் இவ்வளவும். நீயானால் யாரோ ஒரு பெண் என்று நினைத்து அவளுக்காகச் சண்டை போட்டிருக்கிறாய்.

முப்பத்தொன்று யார் தெரியுமா? குண்டூசி! ஒரு மாதமாக நீ குண்டூசியைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறாய். அவளிடம் சொன்னேன். “உங்க அக்காவுக்கு என்னைப் பிடிச்சிருக்காமா?” என்று ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நன்றாகத் தூங்குகிறேன், சிரித்துக்கொண்டே இருக்கிறேன் என்று எப்படி உன்னால் நம்ப முடிந்தது? நான் உன் தங்கை இல்லையா?

அப்பாவுக்குத் தெரிந்தால் பட்டையை உடைத்துப் போட்டுவிடுவார். பந்தையும் தூக்கிப் போட்டுவிடுவார். அம்மா திரும்பவும் அறைக்குள் போய்விடுவாள். இப்போதுதான் ஒருநாள் “இன்னிக்கு மாடிக்குப் போகலையா?” என்று அவளாகவே கேட்டாள்.

கூடத்தில் சத்தம் கேட்கிறது. இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. போன் பண்ண வேண்டாம்.


ஆகஸ்ட் 8

சில்வண்டே,

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. புதன்கிழமை தாண்டிவிட்டது. போன் போய்விட்டது.

அதைச் செய்ய வைத்தது நான்தான். பேராசிரியர் விடு என்றார், நான்தான் விடவில்லை.

அப்பாவின் குரல் எப்படி இருந்தது என்று ஆலோசகர் அம்மாவிடம் கேட்க முடியாது. கேட்டால் எனக்குத் தெரியும் என்று தெரிந்துவிடும். அவரைத் தாழ்வாரத்தில் பார்த்தேன், அவராகவே சொன்னார்: “அந்தக் குழந்தையோட அப்பாகிட்ட பேசினேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். அப்புறம், ‘என் பொண்ணா? ராத்திரி முழுக்கவா?’ன்னு மட்டும் கேட்டார்.” நான் தலையை ஆட்டிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன்.

இருபத்துமூன்றைத் திறந்து வைத்திருக்கிறேன். நேற்று வரை அது யாரோ. அம்மா இப்படித் தூங்காமல் கிடப்பாள் என்று எனக்கே தெரியாது. நான் வீட்டில் இருந்தபோதும் பகலில் அவள் படுத்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். ‘எப்பப் பாரு தூக்கம்’ என்று ஒருநாள் அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

எப்படி நம்ப முடிந்தது என்று கேட்டாய். நீ நன்றாக இருக்கிறாய் என்று இருந்தால் நான் வராமல் இருக்கலாம். அதனால்தான் நம்பினேன்.

அப்பா என்ன செய்தார்? எழுது. எவ்வளவு மோசமானாலும் எழுது. பயமாக இருந்தால் குண்டூசியின் கடைக்குப் போய் உட்கார். அந்தக் கடையில் போன் இருக்கிறதா? எண்ணை அனுப்பு.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் இங்கே எல்லாம் நடந்துவிட்டது. மோசம்தானா என்று எனக்கே தெரியவில்லை.

புதன்கிழமை அப்பா மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பாதியில் நின்றிருந்ததாம், அதை அப்படியே உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் பள்ளி விட்டு வந்தபோது கையில் கிரீஸ்கூடக் கழுவாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அடி விழும் என்று நினைத்தேன். அவர் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“ஜுரம் இல்லையே” என்றார். “ஏம்மா தூங்க மாட்டேங்கறே?”

அவர் போட்டதைச் சாப்பிட்டேன். ராத்திரி என் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, நான் கண்ணை மூடுகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அதனால்தான் உனக்கு எழுத முடியவில்லை. பயத்தில் உண்மையிலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் அதைப் பார்த்து இன்னும் பயந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போனார். போன் செய்த ஆலோசகர் சொன்ன மனநல டாக்டர். வாசலில் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் அப்பா சட்டை காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. ஆனால் உள்ளே வந்தார்.

டாக்டர் ஒரு பெண்தான். “தூக்கம் வரலையாம்மா?” என்று என்னைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அப்பாதான் பேசினார்.

“நல்லாத்தான் இருந்தா டாக்டர். விளையாடறா, சாப்பிடறா. ராத்திரி மட்டும் முழிச்சிருக்காளாம். மூணு மணி வரைக்குமாம். அந்த மிஷின் சொல்லுதாம்.”

“வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?”

இடுப்புவலி என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அப்பா சாவிக்கொத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

“இவங்க அம்மாவுக்கு” என்றார். “ரெண்டு வருஷமாச்சு. யார்கிட்டயும் சொல்லல. பெரியவ சொன்னா. அவளையும் வீட்டை விட்டு அனுப்பிட்டேன். இப்ப சின்னவளுக்கும் வந்துருச்சோன்னு…”

சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா, அப்பா அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க முடியாமல்தான் சொல்லிவிட்டேன்.

“அது நான் இல்லப்பா.”

“எது?”

“ராத்திரி முழிச்சிருக்கறது. அது அம்மா. பட்டையை நான்தான் அம்மா கையில கட்டிவிட்டேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ நான் பாக்க வேண்டியது இவங்க அம்மாவை” என்றார். “திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. நீ விளையாடப் போ.”

படியிறங்கினோம். அப்பா பாதிப் படியில் நின்று, “உங்க அக்கா சொல்லிக் குடுத்தாளா?” என்றார். நீ போனதற்கு அப்புறம் ‘அக்கா’ என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான்.

“இல்லப்பா. அவளுக்குத் தெரியவே தெரியாது. அவ குண்டூசியைப் பாத்துக்கிட்டிருந்தா.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம்.

“மூணு மணி வரைக்குமா?” என்றார். “நானும் அதே வீட்டுலதானேம்மா படுத்திருக்கேன்?”

திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிப் போனார். அம்மா வர மாட்டேன் என்று அடம் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பட்டையை யாரும் உடைக்கவில்லை. ஆனால் இனிமேல் அது என் கையில் மட்டும்தான் இருக்க வேண்டுமாம்.

உனக்குக் கடிதம் எழுதுவது அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நீ வருவாயா மாட்டாயா? இப்போதாவது சொல்லு.

சில்வண்டு


ஆகஸ்ட் 23

சில்வண்டே,

‘பெரியவ சொன்னா’ என்று அப்பா சொன்ன இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படிக்க முடிந்தது.

நான் செய்ததை இப்போது உனக்குச் சொல்ல வேண்டும். பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “உங்க குடும்பமே என் ஆய்வுக்குள்ள குடி வந்துடுச்சா?” என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டு, “அம்மா இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்டார். உங்கள் பள்ளியின் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார், அது நியாயம்தான். வேறு பள்ளிகள் இருக்கின்றன.

இருபத்துமூன்றை நீக்க வேண்டும் என்றார். அதுவும் நியாயம். ஒரு மாணவியின் கோடு என்று சொல்லி இரண்டு பேரின் கோட்டை வைத்துக்கொள்ள முடியாது. அதைவிட, அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவள் கையை நீட்டினாள் என்பது சம்மதம் ஆகாது, சில்வண்டே. நீ அவளிடம் என்ன ஏது என்று விளக்கிச் சொல்லவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இனி அப்படிச் செய்யாதே.

நீக்குவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டேன். அவர் தலையசைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விட்டார்.

முதல் நாளிலிருந்து பார்த்தேன். ராத்திரிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. பந்து விளையாடியதால் ராத்திரிகள் மாறவில்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் பட்டை கை மாறுவதற்கும் முகம் அமுக்குவதற்கும் நடுவே ஒரு சின்ன நேரம் இருக்கிறது, அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கியிருப்பாள். அந்தத் துடிப்பில் ஒரு மேடு. ஆரம்பத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. போகப் போக எழும்பிக்கொண்டே வந்தது. படியிறங்கி மூச்சு வாங்குகிற ஒருத்தி. நான் அம்மாவை மூச்சு வாங்கிப் பார்த்ததே இல்லை. கடைசி வாரத்தில் ஒருநாள் மூன்றாவது முகம். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அதை நீ அமுக்கினாயா, அவளா?

பையில் பென் டிரைவ் இருந்தது. அந்த ஒரு வாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. எடுக்கவில்லை. அழித்துவிட்டேன். இப்போது திரையில் முப்பத்தொன்பது கோடுகள்தான்.

இத்தனை நாளும் அம்மா என் எதிரிலேயே இருந்தாள், எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு இல்லாமல் போய்விட்டாள். சாயங்காலம் முதன்முறையாக அந்த மைதானத்துக்கு இறங்கிப் போய் ஒரு சுற்று நடந்தேன். நடந்தால் மனசு லேசாகிறதா என்று என்னைக் கேட்காதே. வீட்டு நினைவு அதிகமானது, அவ்வளவுதான்.

அவர் கூப்பிடாமல் வர மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அதை இப்போது எழுத வரவில்லை. வந்து கதவைத் தட்டி, அவர் திறக்காமல் இருந்துவிட்டால்? எனக்கு அந்தப் பயம்தான், வேறொன்றும் இல்லை. நீ மட்டும்தான் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா?

அக்கா


செப்டம்பர் 1

அக்கா,

மூன்றாவது முகத்தை அமுக்கியது அம்மாதான். நான் கருவியை நீட்டினேன். எப்போதும் போலத் திரும்பிக்கொள்வாள் என்று பார்த்தால், விரலை நீட்டி யோசித்து யோசித்து அதை அமுக்கினாள். இதை அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும், பயத்தில் மறந்துவிட்டேன்.

மாத்திரை சாப்பிட்டால் அம்மாவுக்குப் பகலிலும் கண் சொருகுகிறது. “கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், நிறுத்திடாதீங்க” என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சில நாள் மாடிக்கு வருகிறாள், சில நாள் வர மாட்டேன் என்கிறாள். ஒருநாள் பந்தைப் பார்த்ததும் அழுதாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத ஆசை. ஆனால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

நேற்று மாடியில் உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீழ் வீட்டு அம்மா நேராகவே கேட்டுவிட்டதால் இப்போது மாடி விஷயம் அப்பாவுக்குத் தெரியும். “டாக்டர் விளையாடச் சொல்லியிருக்கார்” என்று அப்பா அவருக்குப் பட்டென்று பதில் சொல்லிவிட்டாராம். எந்த டாக்டர் என்று அந்த அம்மா கேட்டதற்கு, மனநல டாக்டர் என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டாராம். என்னிடம் வந்து, “சொல்லிட்டேன். என்ன ஆகுதுன்னு பாப்போம்” என்றார். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாவின் தங்கைக்கும் அதே டாக்டர்தானாம்.

கடிதம் படிக்கும்போது அப்பா அங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மாடிக் கதவின் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று ஸ்க்ரூ டிரைவரோடு வந்திருக்கிறார், கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கடிதம் பாதிக்கு மேல் போனபோதுதான், திருகுகிற சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தேன். நிறுத்தலாமா என்று பார்த்தேன். அம்மா, “ஏன் நிறுத்திட்டே? படி” என்றாள். படித்தேன். நீ கதவைத் தட்டுவதாக எழுதிய இடம்வரை படித்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் பந்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அழிச்சிட்டாளா?” என்றாள்.

“ஆமாம்மா. வெச்சுக்கக் கூடாதாம்.”

“பரவால்ல. நேர்ல வந்து பாத்துக்கச் சொல்லு.”

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா வரவே இல்லை. முகத்தைக் காட்டாமலேயே பேசினார்.

“பஸ் ஸ்டாண்டை மாத்திட்டாங்க, அவளுக்கு இடம் தெரியாது. எந்த பஸ்ஸுன்னு கேட்டு எழுது. நான் போய் நிக்கறேன்.”

திரும்பவும் முடுக்க ஆரம்பித்துவிட்டார்.

எந்த பஸ், அக்கா?